பலாங்காட்டுக்கு டில்லி வழியாகப் பஸ்

ஒரு மலைக்கிராமத்துக்குப் பஸ் விடுவது லேசான காரியமில்லை என்பதை முதலில் எல்லோரும் ஒப்புக்கொள்ள வேண்டும். பஸ் இருக்கிறது, ரோடு இருக்கிறது, டிரைவர் இருக்கிறார், ஏறுவதற்கு ஜனங்கள் இருக்கிறார்கள் என்பதற்காக உடனே விட்டுவிட முடியுமா? அப்படி விட்டுவிட்டால் அப்புறம் அலுவலகம் எதற்கு?

என் பெயர் கலீல். போளூர் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரில் டிக்கெட் பதிவு செய்கிற கடை வைத்திருக்கிறேன். ரயில், விமானம், டூர் எல்லாம் நம்மிடம் உண்டு. எங்கள் வீட்டுக்கு வருஷா வருஷம் புளி கொண்டுவந்து கொடுப்பவர் கலைவாணி. அவருக்கு ஜவ்வாது மலையில் பலாங்காடு என்ற ஊர். முப்பது வீடு. போன வருஷம் ஊர்வரைக்கும் தார் ரோடு போட்டாகிவிட்டது. பஸ் மட்டும் ஊருக்குள் வராது. கூட்டு ரோட்டோடு திரும்பிவிடும். அங்கிருந்து ஊருக்கு ஒரு மணி நேர நடை, அதுவும் கரடி நடமாடும் காட்டு வழி.

கலைவாணியின் மகள் காவியாவுக்குக் கீழே காலேஜில் இடம் கிடைத்திருந்தது. அந்த ஊரிலிருந்து காலேஜ் படி ஏறப்போகும் முதல் பெண் அவள்தான். ஜூனில் காலேஜ் திறப்பதற்குள் பஸ் வந்தால் படிப்பு. வராவிட்டால், இருட்டோடு கிளம்பி அந்த வழியில் தனியாக நடக்க வேண்டும். அவள் அப்பா தனசேகரன் அதற்குச் சம்மதிக்க மாட்டார். எனக்கும் ஒரு மகள் இருக்கிறாள், அவரைக் குறை சொல்ல என்னால் முடியாது.

ஆகவே மார்ச் மாதத்தில் கலைவாணி மனு எழுதிக்கொண்டு மலைக்கிராமப் போக்குவரத்து ஒருங்கிணைப்பு அலுவலகத்துக்குப் போனார். துணைக்கு நானும் போனேன்.

அதிகாரி அருணகிரி மனுவை இரண்டு முறை படித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"பஸ் வேணும்னு சொல்றீங்க. சரிம்மா. ஆனா பஸ்ஸுன்னா இன்னா?"

கலைவாணி என்னைப் பார்த்தார். "படி இருக்கும் சார். ஏறிப் போவோம்."

"அது உங்க பார்வை. மக்களை ஒரு இடத்துலேர்ந்து இன்னொரு இடத்துக்குக் கொண்டுபோறது பெரிய விஷயம். அதை நூத்துக்கணக்கான வருஷமா செஞ்சுட்டு வர்ற ஊரு எது? தலைநகரம். வரலாற்றுச் சிறப்புமிக்க தலைநகரத்துல போக்குவரத்தை நேர்ல போய்க் கண்டுணராம, எடுத்தேன் கவுத்தேன்னு ஒரு பஸ்ஸை வுட்டுட்டா நாளைக்கு யாரும்மா பதில் சொல்றது?"

"நாங்க டில்லி கேக்கலையே சார். பஸ்ஸுதானே கேட்டோம்."

"பஸ்ஸுக்குத்தாம்மா டில்லி."

மறுவாரமே எட்டு பேர் கொண்ட கண்டுணர் குழு அமைக்கப்பட்டது. மனு ஒன்றின் மேல் இவ்வளவு விரைவாக நடவடிக்கை எடுக்கப்பட்டதை நான் அதற்கு முன்பு பார்த்ததில்லை.

பயணத் திட்டம் என் கடையில்தான் தயாரானது. அருணகிரி சாருடன் அவர் மனைவி ரஞ்சிதமும் வந்திருந்தார். குழுவில் அவர் 'பெண் பயணியர் கண்ணோட்டம்'. வந்தவுடனே எனக்கு ஒரு திருத்தம் சொன்னார்.

"பாய், டூருன்னு எழுதாதீங்க. இப்ப யாரும் டூர் போறதில்ல. சிட்டி பிரேக்குன்னு போடுங்க. எங்க தெருவுல எல்லாரும் போயாச்சு, நாங்கதான் பாக்கி."

"நாலு நாள் போதுமாக்கா?"

"நாலு நாள் போனாத்தான் பிரேக்கு. அதுக்கு மேல போனா டூராயிடும்."

அருணகிரி சார் ஒவ்வோர் இடமாகச் சொன்னார். நான் தட்டச்சு செய்தேன். செங்கோட்டை: பெருந்திரளான மக்கள் ஒரே வாசலில் நுழையும் முறை. சாந்தினி சவுக்: நெரிசலில் இயங்கும் விதம், மற்றும் கொள்முதல். குதுப் மினார்: உயரமான பகுதிகளை அணுகுதல்.

"மினாருக்குள்ள ஏற வுட மாட்டாங்க சார். மூடிட்டு ரொம்ப வருஷமாச்சு" என்றேன்.

"ஏறாமலே உயரத்தைப் புரிஞ்சுக்கணும் பாய். அதுக்குப் பேருதான் ஆய்வு."

"தாஜ்மகாலுங்க?" என்று ரஞ்சிதம் கணவரின் முழங்கையை இடித்தார்.

"அது ஆக்ராவுலதானே இருக்கு" என்றேன் நான்.

அருணகிரி சார் சற்று யோசித்தார். "ஆக்ராவும் ஒரு காலத்துல தலைநகரம்தானே? வரலாற்றுத் தலைநகரம்னுதான் உத்தரவு. எந்தக் காலத்துத் தலைநகரம்னு உத்தரவுல இல்லையே!"

தாஜ்மகாலும் சேர்ந்தது. விஷயம்: நீண்ட வரிசையில் பொறுமை காத்தல். எல்லோருக்கும் ஒரே நிறத்தில் பனியன், ஆளுக்கொரு கறுப்புக் கண்ணாடி என்று முடிவாயிற்று. ஏப்ரல் மாத டில்லிக்கு ரஞ்சிதம் ஸ்வெட்டரும் வாங்கினார். போட்டோவில் வடநாடு மாதிரி தெரிய வேண்டாமா?

இங்கேதான் ஒரு சிக்கல் வந்தது. விதிப்படி குழுவில் பயனாளி ஒருவராவது இருக்க வேண்டும். பயனாளி இல்லாமல் எட்டு பேர் போனால் அது உல்லாசம். ஒரு பயனாளியோடு போனால் அது ஆய்வு. எனவே அருணகிரி சாரையும் ரஞ்சிதத்தையும் சுமந்துகொண்டு அலுவலக ஜீப் பலாங்காட்டுக்கு ஏறியது. வழிகாட்ட என்னையும் ஏற்றிக்கொண்டார்கள். ரோடு ஒன்றும் மோசமில்லை, பஸ் தாராளமாகப் போகும் என்று டிரைவர் சொன்னார். அதை யாரும் காதில் வாங்கவில்லை.

ஊர்த் தலைவரான ஊர்க்கவுண்டர் கோபால் எல்லோரையும் வேப்பமரத்தடியில் கூட்டினார். விஷயத்தைக் கேட்டுவிட்டுத் தலையை ஆட்டினார்.

"ஒரு ஆளு மட்டும் போறது எங்க ஊர்ல இல்லீங்க. கல்யாணமோ, சாவோ, கோயில் காரியமோ, வூட்டுக்கு ஒரு ஆளு. ஒரு வூட்டை மட்டும் கூப்ட்டா மத்த வூட்டை எல்லாம் தள்ளி வெச்சதாப் பூடும்."

"அப்படின்னா முப்பது பேரா?" என்று அருணகிரி சார் அலறினார். "எட்டு பேர் ஆய்வுக்கு முப்பது பயனாளியா? நாட்டுல எங்கனா நடக்குமா இது?"

"அப்போ யாரும் வேணாம்" என்றார் கோபால்.

யாரும் வராவிட்டால் குழு இல்லை. குழு இல்லாவிட்டால் அறிக்கை இல்லை. அறிக்கை இல்லாமல் பஸ் இல்லை. கலைவாணி கையைப் பிசைந்துகொண்டு நின்றார். ரஞ்சிதத்துக்கு ஸ்வெட்டர் கவலை.

டீ வந்தது. ஒரு வாய் குடித்ததும் அருணகிரி சாரின் முகம் மலர்ந்தது. அரசுப் பணியில் இருபது வருஷத்தைச் சும்மா கழித்தவரில்லை அவர்.

"வூட்டுக்கு ஒரு ஆளுதானே உங்க வழக்கம்? அதை மீற வேணாம். ஊரையே ஒரே வூடா ஆக்கிடுவோம். ஒரு வூடு, ஒரு ஆளு. ஆச்சா?"

இதில் தப்பு இருக்கிறது என்று எல்லோருக்கும் தோன்றியது. எந்த இடத்தில் என்றுதான் யாருக்கும் பிடிபடவில்லை. கூட்டத்திலிருந்து பெரியம்மாள் என்ற ஓர் அம்மாள் மட்டும் எழுந்து நின்றார்.

"எங்க ஓரகத்தியும் நானும் ஒரே வூடா? அவ மூஞ்சில முழிக்கக்கூடாதுன்னுதானே நடுவுல வேலி போட்டு வெச்சிருக்கேன்?"

"வேலி இருக்கட்டும்மா. வூட்டுக்குள்ள வேலி போடக்கூடாதுன்னு சட்டம் இல்ல."

கோபால் கலைவாணியைப் பார்த்தார். காவியாவைப் பார்த்தார். "பொண்ணு படிப்புக்காவ ஒத்துக்கறோம் சார்" என்றார். அந்த ஊரின் நல்ல மனசை நான் சந்தேகித்ததே இல்லை.

அன்று சாயங்காலத்துக்குள் முப்பது வீட்டுக் கதவிலும் சிவப்புப் பெயின்ட்டில் ஒன்று என்று இலக்கம் எழுதியாகிவிட்டது. பெரியம்மாள் வீட்டு ஆட்டுக்கொட்டகைக்கும் ஒன்றுதான். குடும்பத் தலைவி கலைவாணி.

பயணம் இனிதே நடந்தது. கலைவாணிக்குத் தரப்பட்ட வேலை, ஒவ்வொரு கட்டடத்தின் முன்பும் பேனரைப் பிடித்துக்கொண்டு நிற்பது. திரும்பி வந்ததும் கேட்டேன், டில்லி எப்படி என்று.

"நல்லாத்தான் கீது பாய். நாங்க இறங்கின எல்லா இடத்துலயும் பஸ் நின்னுச்சு" என்றார்.

அறிக்கையில் குறை சொல்ல ஒன்றுமில்லை. நூறு பக்கம், வண்ணப் படங்கள். கடைசிப் பக்கத்தில் "பலாங்காட்டுக்குப் பேருந்து இன்றியமையாதது" என்று தெளிவாகப் பரிந்துரைத்திருந்தார்கள். சந்தோஷத்தில் நான் எல்லோருக்கும் பிரியாணி வாங்கிக் கொடுத்தேன்.

மேலிடத்துப் பதில் ஜூனில் வந்தது. அருணகிரி சாரே ரஞ்சிதத்தோடு மலைக்கு வந்து, அதே மரத்தடியில், வருத்தம் தோய்ந்த குரலில் படித்தார்: "ஒரே ஒரு வீடு மட்டும் உள்ள இடத்துக்குப் பேருந்து இயக்க விதிகளில் இடமில்லை."

கலைவாணிதான் எழுந்தார். அப்படி ஒரு கோபத்தை அவர் முகத்தில் நான் பார்த்ததில்லை.

"இன்னா சார் அநியாயம் இது? எங்க கதவுல எழுதினது நீங்கதானே? காலேஜ் தொறந்தாச்சு. தெனம் அவங்கப்பா சாமைக் காட்டை வுட்டுட்டு கூட்டு ரோடு வரைக்கும் அவளைக் கொண்டுபோய் வுட்டுட்டு வர்றாரு. எத்தினி நாளைக்கு முடியும்? அடுத்த வாரத்தோட நிறுத்திக்கோன்னு நேத்து சொல்லிட்டாரு."

"எனக்குப் புரியுதும்மா. ஒரு வூட்டை முப்பது வூடா பிரிக்கணும். அவ்வளவுதான். ஆனா எடுத்தேன் கவுத்தேன்னு பிரிச்சுட முடியாது. மைசூரு இருக்கு பாருங்க, அதுவும் வரலாற்றுத் தலைநகரம். அங்க அரண்மனை ஒரே வூடுதான், உள்ளே எத்தனை அறை! அதை நேர்ல போய்க் கண்டுணர்ந்துட்டா..."

இப்போது அடி விழும் என்று நான் நினைத்தேன். ஜீப் எந்தப் பக்கம் நிற்கிறது என்றுகூடத் திரும்பிப் பார்த்துக்கொண்டேன். கோபால் தொண்டையைக் கனைத்தார்.

"மைசூருன்னா கிட்டத்துலதானே சார்? இந்த வாட்டி முப்பது வூடாப் பிரிக்கப் போறீங்க. வூட்டுக்கு ஒரு ஆளு போலாமா?"

"அப்போ வேலிக்கு அந்தாண்ட ஒரு ஆளு, இந்தாண்ட ஒரு ஆளு" என்று பெரியம்மாள் கணக்கை நேர்செய்தார். பஸ்ஸில் ஜன்னலோர சீட் யாருக்கு என்று பின்னால் பேச்சு கிளம்பிவிட்டது. தனசேகரன்கூட, ஸ்வெட்டர் தேவைப்படுமா என்று ரஞ்சிதத்திடம் விசாரித்தார். கலைவாணி மட்டும் வீட்டுக்குள் போய்விட்டார்.

நான் செல்போனை எடுத்து ஆள் கணக்குக் குறிக்க ஆரம்பித்தேன். மொத்தமாகப் போட்டால் சலுகை உண்டு. காவியா காலேஜ் பையைத் தோளில் மாட்டியபடி மரத்தில் சாய்ந்து நின்றாள்.

"உனக்கும் ஒரு சீட்டு போடட்டாம்மா?" என்று கேட்டேன்.

"போடுங்க பாய். நம்ம ஊர்லேர்ந்து கூட்டு ரோடு வரைக்கும்" என்றாள்.

அதற்கு என்னிடம் டிக்கெட் இல்லை. மைசூருக்குத்தான் இருந்தது.