ஆம்ப்ரோஸ் வாயைத் திறக்கவில்லை

"என்னங்க இது?"

அலமாரியில் பனியன்களுக்கு அடியிலிருந்து எடுத்த வெள்ளை முகமூடியை உர்சுலா கணவன் முன்னால் ஆட்டினாள்.

ஆம்ப்ரோசுக்கு வியர்த்தது. காத்தோங் வட்டாரத் தேவாலயத் திருவிழாவில் சனிக்கிழமை மர்ம நாடகம். "கடைசிக் காட்சியில் வரும் கொலைகாரன் நீதான். பெண்டாட்டிக்கும் சொல்லாதே," என்று இயக்குநர் ஜெரார்ட் சத்தியம் வாங்கியிருந்தார். ஆம்ப்ரோசின் வாயில் எதுவும் தங்காது என்பது ஊரறிந்த விஷயம். அவரையும் ஒருவர் நம்பிவிட்டார்! அந்த நம்பிக்கையை உயிரைக் கொடுத்தாவது காப்பாற்றியாக வேண்டும்.

"சனிக்கிழமை கம்பெனி டின்னர் அண்ட் டான்ஸ். எல்லாரும் முகமூடியோட வரணுமாம்."

மறுநாளே உர்சுலா சிராங்கூன் ரோட்டில் ஊதாப் பட்டுச்சேலையும் மயிலிறகு முகமூடியும் வாங்கி வந்து நின்றாள். "நானும் வரேன் லா!"

"டின்னர் கேன்சல் ஆயிடுச்சு."

"அப்ப சர்ச் நாடகத்துக்குப் போவோம். சேலையாவது வீணாகாது."

"அன்னைக்கு எனக்கு ஓவர்டைம்."

உர்சுலா சூப்பர்வைசருக்கே போன் போட்டாள். ஓவர்டைமும் இல்லை, டின்னரும் இல்லை.

"யாரு அவ?" அவள் கண் கலங்கியது.

உண்மை தொண்டைவரை வந்தது. ஆம்ப்ரோஸ் விழுங்கிக்கொண்டார். "இந்த ஒரு தடவை என்னை நம்பு உர்சுலா."

"முகமூடியை ஒளிச்சு வச்சுக்கிட்டு நம்பச் சொல்றீங்க!"

சனிக்கிழமை மண்டபம் நிரம்பி வழிந்தது. முன்வரிசையில் ஊதாச் சேலையில் உர்சுலா உர்ரென்று உட்கார்ந்திருந்தாள். கடைசிக் காட்சிக்கு மணி அடித்ததும் ஆம்ப்ரோஸ் மேடையில் பாய்ந்து முகமூடியைக் கழற்றினார்.

"கொன்றது நான்தான்!"

உர்சுலா எழுந்தே விட்டாள். "அடப்பாவி மனுஷா, இதுக்கா அத்தனை பொய்யும்?" அவள் முகத்தில் சிரிப்பைப் பார்த்ததும் அவருக்குப் போன உயிர் திரும்பியது.

அதற்குள் இடப்பக்கத்திலிருந்து இன்னொரு வெள்ளை முகமூடி குதித்தது. உள்ளே பாடகர் குழுவின் மேக்ஸ்வெல். "கொன்றது நான்தான்!"

திரைக்குப் பின்னாலிருந்து அதே குழுவின் லொரைன் இன்னொரு வெள்ளை முகமூடியோடு வந்தாள். அவளும் அதையே சொன்னாள். அடுத்தடுத்து ஏழு கொலைகாரர்கள் மேடையில் நின்று ஒருவரையொருவர் முறைத்தார்கள். பிணமாகக் கிடந்தவர் எழுந்து உட்கார்ந்து வேடிக்கை பார்த்தார். ஜெரார்டைக் காணவில்லை.

வசனம் எடுத்துக்கொடுக்கும் ஷாரன் திரையிடுக்கில் தலையை நீட்டினாள்.

"மன்னிச்சிடுங்க அங்கிள், உளறினவங்களைக் கழிச்சிட்டு மிஞ்சுற ஒருத்தரைக் கொலைகாரனாக்கலாம்னுதான் ஜெரார்ட் அங்கிள் இந்த சர்ச்சிலேயே பெரிய ஓட்டைவாய் ஏழு பேரைப் பொறுக்கி எடுத்தாரு. எல்லாரும் சேர்ந்து இப்படி நம்பிக்கையைக் காப்பாத்திக் கழுத்தறுப்பீங்கன்னு யாருக்குத் தெரியும்!"