கோவை: 4 நிமிடம்

வானத்தின் விலை ஒரு டீ, இரண்டு வர்க்கி. கொடுத்து வாங்கியவன் நான். மஞ்சூர் பஸ் நிலையத்துக்கு எதிரே இருக்கும் என் டீக்கடையில்தான், மனிதகுலம் அதுவரை கண்டிராத அந்தத் ‘தூர நிர்ணயம்’ நடந்தேறியது.

நாங்கள் கேட்டது ஓர் ஆஸ்பத்திரி. மஞ்சூரில் ஊசி என்றால் கொண்டை ஊசி வளைவு மட்டும்தான். மற்ற ஊசிக்குக் கோவை போகவேண்டும். மனுவை விசாரிக்க வந்த அதிகாரி ஆறுமுகசாமி, வர்க்கியை டீயில் நனைத்தபடியே வரைபடத்தை விரித்து, அடிக்கோலை வைத்தார்.

“நேர்கோட்டுல அம்பது கிலோமீட்டர்கூட இல்லீங்க. விமான வேகத்துல நாலு நிமிஷம்.”

“ஏனுங்க, இங்க விமானம் ஏதுங்க?”

“அது வேற டிபார்ட்மென்ட்டுங்க. நம்முளுது தூரம் மட்டும்.”

பத்து நிமிடப் பயணத்துக்குள் பெரிய ஆஸ்பத்திரி இருந்தால் புதிதாக ஒன்று கட்டக்கூடாது என்பது விதி. மனு ‘மகிழ்ச்சியுடன்’ தள்ளுபடியானது. பஸ் நிலையத்தில் ‘கோவை: 4 நிமிடம்’ என்று பலகை நட்டார்கள். கோவையிலிருந்து மூன்றரை மணி நேரம் பஸ்ஸில் குலுங்கி, வாந்தியெடுத்து வந்து இறங்கியவர்கள் அதைப் படித்துவிட்டு, தாமதமாக வந்ததற்காக வெட்கப்பட்டார்கள்.

அந்த வாரமே தேயிலைத் தோட்டத்து இசக்கியின் மனைவி பேச்சிக்கு இடுப்புவலி கண்டது. ஜீப்பில் ஏற்றினோம். மலை இறக்கத்தில் ஒவ்வொரு வளைவிலும் பேச்சி கத்தினாள்.

“நாலு நிமிசம் ஆச்சாய்யா இல்லியா?”

“பத்து தடவ ஆயிருச்சு புள்ள, பொறுத்துக்க!”

கிளம்பி முக்கால் மணி நேரத்தில், நடுக்காட்டில், ஜீப்பிலேயே ஆண் குழந்தை பிறந்தது. அந்தப் பாதையில் கோவை வருவதற்கு முன்பே வந்து சேர்ந்த ஒரே பயணி அவன்தான்.

மறுவாரம் பிறப்புச் சான்றிதழுக்காக, பிள்ளையும் கையுமாக இருவரும் ஆறுமுகசாமியைப் பார்க்க வந்தார்கள். என் கடையில், அதே மேசையில். இசக்கி இலங்கைத் தேயிலைத் தோட்டத்து லயத்தில், கூலிக்காரர்களின் வரிசைவீட்டில் பிறந்து, கப்பலில் இந்தியாவுக்குத் திருப்பி அனுப்பப்பட்டவன். காகிதம் இல்லாவிட்டால் ‘நீ எந்த நாட்டான்?’ என்று கேட்பார்கள் என்பதை அவனுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

அதிகாரி அடிக்கோலை எடுத்தார். “நாலு நிமிஷத்துல கோவை. முக்கால் மணின்னா...” கோல் கோவையைத் தாண்டி, மதுரையைத் தாண்டி, கடலில் இறங்கி, என் வர்க்கித் தட்டில் முட்டி நின்றது. “கொழும்பு! குழந்தை வெளிநாட்டுல பொறந்திருக்குதுங்க. சர்டிபிகேட் அங்கதான் வாங்கோணும்.”

இசக்கி வரைபடத்தின்மேல் குனிந்தான். “சார், இந்தியாக்காரன்னு சொல்லி அங்கருந்து தொரத்துனாங்க. இங்க வந்து சேர எங்கப்பாவுக்குப் பன்னெண்டு வருசம் ஆச்சு. எம்மவன் முக்கா மணியில திரும்பிப் போயிட்டானா?”

“அதுதானுங்க முன்னேற்றம்!”

பேச்சி பிள்ளையைத் தோளில் மாற்றிப் போட்டாள். “கொழும்புல ஆசுபத்திரி இருக்குமே சார். அங்கயாச்சும் எறக்கி விட்டிருக்கலாம்ல?”

அதிகாரி வாயைத் துடைத்துக்கொண்டு, இந்த முறையும் காசு தராமல் கிளம்பினார். நான் வியாபாரி. கரித்துண்டை எடுத்துப்போய், அந்தப் பலகையின் கீழேயே கணக்கை முடித்து எழுதினேன்:

அரசாங்கம் கொடுத்தது: வானம்.
எடுத்துக்கொண்டது: ஆஸ்பத்திரி ஒன்று, பச்சைப்பிள்ளையின் பிறந்த ஊர் ஒன்று.
எங்களுக்கு வரவேண்டிய பாக்கி: கால் ஊன்றத் தரை.