பெண் பேச வந்தவர்கள் முன்னால் ஓர் ஆல் இன்

எனக்குக் கோபமே வராது என்று சொல்லிக்கொள்கிறவர்களை நம்பாதீர்கள். நானும் பல வருடம் அப்படித்தான் சொல்லிக்கொண்டு திரிந்தேன். ஆன்லைனில் காசு வைத்துப் போக்கர் சீட்டு ஆடிய பிறகுதான் தெரிந்தது, முகம் தெரியாத ஒருவன் அனுப்பும் சிரிப்பு எமோஜிக்காகச் சொத்தையே எழுதிவைக்கக்கூடிய ஆள் நான் என்று. (சொத்து என்று பெரிதாக எதுவும் இல்லை. அதுதான் என்னைக் காப்பாற்றியது.)

அந்த ஆட்டங்களுக்கு அப்போது தடை வந்திருக்கவில்லை. ஊரிகத்திலிருந்து தினமும் ரயிலில் பெங்களூருக்கு வேலைக்குப் போய்வந்த எனக்கு, ஆட நேரம் தாராளமாகக் கிடைத்தது. சில வாரம் தொடர்ந்து ஜெயித்தேன். பொறுமையாகக் கணக்குப் போட்டு ஆடும் மேதை என்று என்னைப் பற்றி எனக்கே ஓர் அபிப்பிராயம் உண்டாகிவிட்டது. (சீட்டு நன்றாக விழுந்தது, அவ்வளவுதான்.)

ஒரு ஞாயிற்றுக்கிழமை, என் தங்கை சுமதியைப் பெண் பேச பங்காருபேட்டையிலிருந்து மாப்பிள்ளை வீட்டார் வந்தார்கள். மாப்பிள்ளை பிரபுவும் சுமதியும் ஒரே ஆபீஸ்; ஒருவரையொருவர் விரும்பியவர்கள். பெரியவர்கள் உட்கார்ந்து பேசவேண்டியது மட்டும்தான் பாக்கி. அப்பா இல்லாத வீடு என்பதால் எங்கள் பக்கத்துப் பெரியவர் நான்தான்.

அந்தப் பெரியவர் காலையில் ஓர் ஆட்டம் தோற்றிருந்தார். கையில் இரண்டு ஏஸ்; அதைவிடப் பெரிய சீட்டு கிடையாது. எதிராளியோ ஒன்றுக்கும் உதவாத சீட்டோடு ஒட்டிக்கொண்டே வந்து, கடைசிச் சீட்டில் அதிர்ஷ்டம் அடித்து ஜெயித்துவிட்டான். அதைக்கூடப் பொறுத்துக்கொண்டிருப்பேன். விழுந்து விழுந்து சிரிக்கும் எமோஜி ஒன்றை அனுப்பினான் பாருங்கள், அதோடு போயிற்று என் பொறுமை. அவனை ஜெயிக்காமல் விடுவதில்லை என்று, கல்யாணத்துக்காகச் சேர்த்துவைத்திருந்ததைக் கொஞ்சம் கொஞ்சமாக ஆட்டத்தில் இறக்கினேன். விருந்தாளிகள் காபி குடிக்கும்போதும் போன் என் மடியில், இயர்போன் காதில். (ஆபீஸிலிருந்து கால் வரும் என்று அம்மாவிடம் சொல்லிவைத்திருந்தேன்.)

மாப்பிள்ளையின் அப்பா தொண்டையைச் செருமினார்.

"தம்பி, நாங்க ஒண்ணும் கேக்கல. மண்டபம், சாப்பாடு... இதுல உங்களால இன்னா முடியும்னு நீங்களே சொல்லுங்க."

அந்த நேரம் பார்த்து எனக்கு நல்ல சீட்டு வந்தது. எதிரில் அதே ஆள். மறுபடி அதே சிரிப்பு. கையிருப்பு முழுவதையும் ஒரே ஆட்டத்தில் வைப்பதற்கு ஆல் இன் என்று பெயர். அதை அழுத்தியபடி, இயர்போன் மாட்டியிருந்ததால் என் குரல் எனக்கே தெரியாமல், கத்தினேன்:

"எல்லாத்தயும் போட்றேன்! வாடா பாக்கலாம்!"

அம்மா கையிலிருந்த தட்டு சாய்ந்து மிக்சர் கொட்டியது. பிரபுவின் அம்மா எழுந்து வாசல் பக்கம் போய்விட்டார். அவன் அப்பா மட்டும் நிதானமாகக் கேட்டார்.

"எல்லாத்தயும் போட்றேன்னது சரி தம்பி. வாடான்னது யார?"

குனிந்து போனைப் பார்த்தேன். மொத்தமும் போயிருந்தது.

சுமதி வந்து போனைப் பிடுங்கிப் பார்த்தாள்.

"இன்னாண்ணா இது?"

"போக்கர்."

"கல்யாணத்துக்கு வச்சிருந்ததா?"

நல்ல பொய்யாக ஒன்று யோசிப்பதற்குள் அவள் திரும்பிவிட்டாள்.

"மாமா, எங்கண்ணன் போன்ல சீட்டாடி தோத்துட்ச்சி. வாடான்னது உங்கள இல்ல. ஆனா மண்டபத்துக்கு இப்ப எங்ககிட்ட ஒண்ணும் இல்ல. இஷ்டம் இல்லன்னா இப்பவே சொல்லிடுங்க."

அவள் குரல் நடுங்கியது. அன்று என்னைச் சுட்டது நான் தோற்றதல்ல, அந்த நடுக்கம்தான்.

அதுவரை வாயே திறக்காத பிரபு சொன்னான்: "மண்டபம் எதுக்குப்பா? கோயில்ல தாலி கட்டிக்கிறோம். சாப்பாட்ட ரெண்டு வீடும் பாதிப் பாதி பாத்துக்கலாம்."

வாசலில் நின்ற அவன் அம்மா திரும்பி வந்து கணவர் பக்கத்தில் உட்கார்ந்தார். "உங்கள சொல்லலன்னா சரிதான். யம்மா, மிக்சர் இன்னும் கீதா?"

முதலில் சிரித்தது மாப்பிள்ளையின் அப்பாதான். சிரித்து இருமி, இருமிச் சிரித்தார். பிறகு வீடே சிரித்தது. அத்தனை பேரும் என்னைப் பார்த்துத்தான் சிரித்தார்கள். எனக்குக் கோபம் வரவில்லை, அழுகைதான் வந்தது.

கோயிலில் கல்யாணம் நன்றாகவே நடந்தது. சுமதி என் ஏடிஎம் கார்டைப் புகுந்த வீட்டுக்குக் கொண்டுபோய், போனதெல்லாம் சம்பளத்திலிருந்து சேர்ந்த பிறகுதான் திருப்பிக் கொடுத்தாள். நான் சீட்டைத் தொடுவதில்லை. இப்போதும் கோபம் வரும். வந்தால் போனை வைத்துவிட்டு ஒரு நடை போய்வருகிறேன்.

எந்தப் பந்தியில் உட்கார்ந்தாலும், சோற்று வாளியோடு பிரபு வந்து நிற்பான். "மச்சான், எல்லாத்தயும் போட்ரவா?"

போன மாதம் அவர்கள் குழந்தையின் பிறந்தநாள். பந்தி சிரித்ததைப் பார்த்து, பக்கத்திலிருந்த புதுச் சொந்தக்காரர் விஷயம் புரியாமல் விழித்தார். சுமதி கதையைச் சொன்னாள். அண்ணன் என்ற மரியாதைக்காக ஓரிடத்தை மட்டும் விழுங்கிவிட்டாள்.

"வாடான்னும் சொன்னேங்க," என்று நானே எடுத்துக்கொடுத்தேன்.