மூன்று கை, ஒரு சஹன்

"பதினேழு" என்றாள் குர்ஷித் பேகம்.

வாயிலிருந்ததை விழுங்கப் போன அவள் புருஷன் அப்துல் சுக்கூர் அப்படியே நிறுத்தினார்.

"முப்பது வரைக்கும் மெல்லணும்னு டாக்டர் சொன்னாரா இல்லையா? பதினேழுல முழுங்கினா மிச்சப் பதிமூணை யாரு மெல்றது?"

"உள்ள கெடந்ததே நாலு பருக்கை. இனி மென்னா பல்லுதான் தேயும்."

திண்டுக்கல் தோல் வியாபாரிகள் மத்தியில் சுக்கூரின் சாப்பாடு பிரசித்தம். நாலு பேர் சுற்றி உட்கார்ந்து ஒன்றாகச் சாப்பிடும் சஹன் என்ற பெரிய தாம்பாளத்தைத் தனியாளாகக் காலி செய்தவர். மூன்று மாதத்துக்கு முன் வயிற்றுப்புண் முற்றி, மதுரையில் ஆபரேஷன் செய்து இரைப்பையில் முக்கால் பாகத்தை எடுத்துவிட்டார்கள். இப்போது இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தரம் ஒரு டவரா குழைந்த சோறு. சோற்றோடு தண்ணீர் கூடாது. இனிப்பு கிட்டவே கூடாது. போன வாரம் அடுக்களையில் திருட்டுத்தனமாக இரண்டு வாய் அல்வா தின்றவர், வேர்த்து, நெஞ்சு படபடத்து, அரிசி மூட்டை மேல் சாய்ந்துவிட்டார். அன்றுதான் குர்ஷித் பேகம் எண்ணத் தொடங்கினாள்.

"இன்னிக்கு ஆயக்குடிக்காரர் வாராரே, அவர் முன்னாடியும் எண்ணுவியா?"

அதுதான் இருவரையும் அரித்துக்கொண்டிருந்த கவலை. மகள் பக்ருன்னிசாவுக்கு ஆயக்குடி கொய்யாத் தோப்புக்காரர் நைனா முகமதுவின் மகனைப் பேசியிருந்தார்கள். இரண்டு தகப்பன்மாரும் ஒரே சஹனில் வயிறாரச் சாப்பிட்டு, ஒருவருக்கொருவர் இனிப்பு ஊட்டினால்தான் பேச்சு முடிந்ததாக அர்த்தம். பாதியில் கையை எடுத்தால் மனசில்லை என்று அர்த்தம். ஆபரேஷனைச் சொல்லிவிடலாம் என்றால், முன்பு பெண் கேட்டு வந்த எரியோட்டுக்காரர்களிடம் சொன்னதற்கு, 'நோயாளி வீடு' என்று அடுத்த பஸ்ஸிலேயே கிளம்பிவிட்டார்கள்.

"இன்னிக்கு வியாழக்கிழமை, பலபேரு நோன்பு வைக்கிற நாள்தானே. நானும் நோன்புன்னு சொல்லிருதேன்."

"பொய் நோன்பு சொன்ன குத்தத்துக்கு நெசமாவே மூணு நோன்பு பிடிக்கணும்."

"வயிறு இருக்கவன் பிடிக்கட்டும்."

வாசலில் ஜட்கா வந்து நின்றது. வண்டிக்காரன் முகமது பாரூக் கொய்யாக்கூடையை இறக்க, பின்னாலேயே தொளதொள ஜிப்பாவில் நைனா முகமது இறங்கினார். ஒல்லியான மனிதர். ஆனால் ஒரு முழு ஆட்டுத்தொடையை ஒற்றை ஆளாக முடிப்பவர் என்று தரகர் சொல்லியிருந்தார். சுக்கூர் அவர் வயிற்றை மரியாதையோடு பார்த்தார்.

"எனக்கு இன்னிக்கு நோன்பு சம்பந்தி. நீங்க கூச்சப்படாமச் சாப்பிடணும்."

நைனா முகமதுவின் முகம் மலர்ந்தது.

"அதெப்படிங்க? நீங்க பட்டினி கெடக்க, நான் மட்டும் உண்றதுங்களா? நோன்பு தொறக்கற வரைக்கும் நானும் இருக்கறனுங்க."

விருந்து தப்பவில்லை. இரண்டு மணி நேரத்துக்கு ஒரு டவரா என்ற கணக்கும் இப்போது போயிற்று.

பன்னிரண்டு மணிக்கு உள்ளே டைம்பீஸ் அலறியது.

"தொழுகைக்குக் கை கால் கழுவி ஒளுச் செஞ்சிட்டு வாரேன்" என்று எழுந்து, குளியலறைக்குப் பின்னால் நின்றபடியே ஒரு டவராவை முடித்தார். குர்ஷித் பேகம் காதருகே முப்பது வரை கிசுகிசுத்தாள். திரும்பி வந்தால் நாற்காலியில் நைனா முகமதுவைக் காணோம். கைப்பையை அக்குளில் இடுக்கிக்கொண்டு கிணற்றடியிலிருந்து வந்தார்.

"நானும் ஒளுச் செய்யத்தானுங்க போனேன்."

இரண்டு மணிக்கு இருவரும் மறுபடி ஒளுச் செய்தார்கள். நாலு மணிக்கு இன்னொரு தரம்.

"தொழுகையில எம்புட்டுப் பேணுதலான மனுஷன்" என்று சுக்கூர் மனைவியிடம் வியந்தார். "இப்படிப்பட்ட வீட்டை விட்ரக் கூடாது."

இதற்கிடையில், விருந்துக்கென்று வெளியிலிருந்து அமர்த்திய சமையல்காரர் அப்துல் வாஹித் உற்சாகத்தில் இருந்தார். பகலோடு முடிந்திருந்தால் வெறும் பிரியாணி. சாயங்காலம் வரை நேரம் கிடைத்ததில், நோன்புக் கஞ்சி, வடை, முழுக்கோழி வறுவல், தால்சா என்று அடுப்புக்கு அடுப்பு ஏறிக்கொண்டே போனது.

"போதும் வாஹித்" என்றார் சுக்கூர்.

"ஒங்க சாப்பாடு எனக்குத் தெரியாதா பாய்? பசியோட வேற இருக்கீக."

சுக்கூர் நேரே வண்டியடிக்குப் போனார். பாரூக் குதிரைக்குப் புல் போட்டுக்கொண்டிருந்தான்.

"பாரூக்கு, நீயும் எங்க சஹன்ல உக்காரணும். நான் சும்மா கையை ஆட்டுவேன். எம் பங்கையும் நீயே தின்னு தீக்கணும். வெளிய மூச்சு விடக் கூடாது."

பாரூக் தலையைச் சொறிந்தான். "பாய், அது வந்து..."

"என்னலே, முடியாதா? ஒன் தேகத்துக்கு இது ஒரு சோறா?"

"இல்ல பாய். பெரியவுக சொன்னா மாட்டேங்கவா முடியும்?"

பொழுது சாய்ந்து, தொழுகை முடிந்து சஹன் வந்தது. நடுவில் பிரியாணி மலை. சுக்கூர் தொண்டையைச் செருமினார்.

"வண்டிக்காரப் பையனும் நம்மகூடவே உக்காரட்டுமே. சஹன்ல என்ன பெரியவன் சின்னவன்?"

"நானே சொல்லணும்னு இருந்தனுங்க" என்று நைனா முகமது நகர்ந்து, பாரூக்குக்கு நடுவில் இடம் விட்டார்.

சுக்கூர் ஒரு பருக்கையை எடுத்து முப்பது தரம் மென்றார். எதிரே சம்பந்தியும் தாடை ஓயாமல் மென்றுகொண்டிருந்தார். "சாப்பிடுங்க சம்பந்தி" என்று நைனா முகமது ஒரு தொடைக்கறியை இந்தப் பக்கம் தள்ளினார். "நீங்க சாப்பிடுங்க" என்று சுக்கூர் அதைத் திருப்பித் தள்ளினார். கறி போகவும் வரவுமாக இருந்து, கடைசியில் பாரூக்கின் வாயில் ஒதுங்கியது. கோழியும் அதே வழியில் போயிற்று. பாரூக் தலை நிமிராமல் உழைத்தான். சஹனின் அடி தெரிந்தது.

சுக்கூர் மூச்சு விட்டார். அதற்குள் அப்துல் வாஹித் புளகாங்கிதத்தோடு இன்னொரு தேக்சாப் பிரியாணியைச் சஹனில் சரித்தார்.

"மூணு பேரும் சிங்கமாட்டம் சாப்பிடுறீக. இதுக்குத்தான் நான் கூடவே ஆக்குனேன்."

பாரூக்கின் விழி பிதுங்கியது. சுக்கூர் இடப்பக்கம் அவன் தொடையைக் கிள்ளினார். என்னவோ, பாரூக் வலப்பக்கமும் துள்ளினான். மீண்டும் குனிந்தான். இந்தத் தடவை அடி தெரிய வெகுநேரமாயிற்று.

திரைக்குப் பின்னாலிருந்து பார்த்த குர்ஷித் பேகத்துக்கு அழுகை வந்துவிட்டது. மகளுக்காக மனுஷன் உயிரைக் கொடுத்துத் தின்றுவிட்டார் என்றே நினைத்தாள்.

கடைசியாக இனிப்புக்கு ஒரு கிண்ணம் பிர்னி வந்தது, இரண்டு கரண்டியோடு.

"ஊட்டிக்கிட்டா பேச்சு முடிஞ்சது. அடுத்த மாசமே நிக்காஹ்" என்றார் அப்துல் வாஹித்.

சுக்கூர் கரண்டியை நைனா முகமதுவின் வாய்க்கு நேரே நீட்டினார். நைனா முகமது கரண்டியைச் சுக்கூரின் வாய்க்கு நேரே நீட்டினார். இரண்டு வாயும் இறுக மூடியிருந்தன. இரண்டு நெற்றியும் வேர்த்தன. பிர்னி சொட்டியது. பிறகு, சொல்லி வைத்தாற்போல, இரண்டு கரண்டியும் மெல்லத் திரும்பிப் பாரூக்கின் வாய்க்கு நேரே வந்து நின்றன.

பாரூக் சுவரில் சாய்ந்து, இரு கையாலும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சொன்னான்:

"ஸ்டேஷன்ல ஏறயிலேயே இவுகளும், 'மதுரையில எனக்கு முக்கா வயித்தை வெட்டிட்டாக, பொண்ணு வீட்டுக்குத் தெரிஞ்சா சம்பந்தம் போயிரும், எம் பங்கையும் நீயே தின்னுரு'ன்னு என் கையைப் பிடிச்சாக, ரெண்டு பேருக்கும் சேத்துத் திங்க எனக்கு இருக்கது ஒரு வயிறுதான பாய்?"