சிதறு தோட்டாவும் எங்கள் வீட்டுக் குண்டும்

அன்புள்ள அண்ணனுக்கு,

தங்கை எழுதுவது. நானும் குழந்தையும் நலம். உங்கள் மாப்பிள்ளையும் நலம்தான், அதுதான் எங்களுக்கு இடைஞ்சல்.

உங்கள் துப்பாக்கிப் போட்டிச் சங்கத்து ஆண்டு மலருக்கு, கிட்டத்து இலக்கைச் சுடும் சிதறு தோட்டாவின் வரலாற்றை எழுதித் தரச் சொல்லி அவரைக் கேட்டீர்களே, அன்று பிடித்தது பைத்தியம். கிட்டத்தில் சுட்டால் தோட்டாவுக்குள் இருக்கும் சின்னச் சின்னக் குண்டுகள் ஒரே கொத்தாகப் போகுமாம், அதைப் பரவவைக்க மனிதர்கள் பட்ட பாடுதான் வரலாறாம். முதலில் குண்டுகளுக்கு நடுவே அட்டையைக் கூட்டல் குறி மாதிரி சொருகிப் பார்த்தார்களாம், அடுக்கடுக்காக வைத்தும் பார்த்தார்களாம், உருண்டையை விட்டுச் சதுரக் குண்டு, தட்டைக் குண்டு என்று போனார்களாம். வீட்டில் ஏது துப்பாக்கி, காகிதக் குழலில் பட்டாணியைப் போட்டு ஊதுகிறார். சதுரக் குண்டுக்காகக் கேரட் நறுக்கினார், எனக்குப் பயன்பட்ட ஆராய்ச்சி அது ஒன்றுதான். சாப்பாட்டு மேசையின் நடுவே ஆளுயர அட்டைக் கூட்டல் குறி நிற்கிறது, உப்பு வேண்டுமென்றால் எழுந்து சுற்றிப்போக வேண்டும்.

அதையும் பொறுத்தேன். நேற்று, குழந்தையைச் சேர்க்கக் கேட்டிருந்த காப்பகத்து டீச்சர் போன் செய்தார். திங்கட்கிழமை நான் வேலைக்குத் திரும்ப வேண்டும், காப்பகத்தில் இடமில்லை என்றால் வேலை போச்சு. நான் குளியலறையில், போனை எடுத்து ஸ்பீக்கரில் போட்டது இவர். குழந்தைக்குக் குண்டு என்று பேர் வைத்த புண்ணியவான் நீங்கள், டீச்சருக்கும் அதே வாயில் வந்துவிட்டது.

"குண்டு மத்தவங்களோட ஒட்டுமா சார்?"

"ஒட்டவே கூடாதுங்க. நடுவுல அட்டை வெச்சிடுவேன்."

"ஆளு எப்படி, சமர்த்தா?"

"உருண்டையா இருக்கறதுதான் பிரச்சினை. சதுரமா வெட்டிட்டா சரியாயிடும்."

"வெட்டிட்டாவா?"

"சுத்தியல்ல தட்டித் தட்டையாக்கினாலும் போதும்."

நுரைத் தலையோடு ஓடிவந்து போனைப் பிடுங்கி, "டீச்சர், அவர் சொன்னது துப்பாக்கிக் குண்டு" என்றேன். அது இன்னும் மோசமாகப் போச்சு. யோசிச்சுச் சொல்றேன் என்று வைத்துவிட்டார். அண்ணா, இனி எனக்குத் தூக்கம் ஏது. கட்டுரை வேண்டாம் என்று அவருக்கு ஒரு வரி போடுங்கள், நான் சொன்னதாகச் சொல்லாதீர்கள்.

அண்ணிக்கு என் அன்பு, பிள்ளைகளுக்கு முத்தம், உங்கள் சங்கத்துக்கு ஒன்றும் கிடையாது.

இப்படிக்கு,
தங்கை

பி.கு.: காலையில் உறையை ஒட்டுவதற்குள் டீச்சரே வந்துவிட்டார், பிள்ளை இன்னும் உருண்டையாகத்தான் இருக்கிறானா என்று பார்க்க. இருந்தான். அப்புறம் மேசை அட்டையைச் சுற்றிச் சுற்றி வந்தார். காப்பகத்தில் பிள்ளைகள் ஒருத்தர் தட்டில் ஒருத்தர் கைவைத்து அடிதடியாம். "இதே மாதிரி எங்களுக்கும் செஞ்சு தருவீங்களா சார்?" குண்டுக்கு இடம் கிடைத்துவிட்டது. அட்டை போட உங்கள் மாப்பிள்ளையும் திங்கட்கிழமை கூடப் போகிறார். மேலே எழுதியதைக் கிழித்துவிட்டு, கட்டுரையை இன்னும் நீளமாகக் கேளுங்கள்.

"சாரு வீட்ல எல்லாரோடயும் ஒட்டுவாரா?" என்று போகும்போது கேட்டார் டீச்சர். நடுவில் அட்டை வைத்திருக்கிறோம் என்றேன்.