தோஷம் காட்டும் உப்பு

ஞாயிற்றுக்கிழமை காலையில் சிதம்பரத்தில் இரண்டு இடங்களில் கூட்டம் நெரியும். ஒன்று கோயில். அது காலங்காலமாக நெரிகிற கூட்டம். இன்னொன்று, பஸ் நிலையத்துக்குப் பின்னால் ஒரு கல்யாண மண்டபத்தின் மாடி. அங்கே கூட்டத்தை இழுத்தது ஒரு கிண்ணம் உப்பு.

ஆமாம், உப்புதான். குழம்பில் போடுகிற அதே உப்பு. அதைப் பார்த்து வீட்டின் தலையெழுத்தைச் சொல்லிவிடுகிறார் 'லவண ரத்னா', அதாவது உப்பு ரத்தினம், சடையப்பன். அந்தப் பட்டத்தை அவருக்கு யார் கொடுத்தது என்று ஒருவரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால், பிளெக்ஸ் அடித்த கடைக்காரர்தான் என்று தெரிந்திருக்கும். மூன்று வருஷத்துக்கு முன்பு வரை சடையப்பன் ஊர் ஊராய்ப் போய் சோபா, பீரோ, கட்டில் விற்றுக்கொண்டிருந்தார். வீடு வீடாக ஏறி இறங்கியதில் ஓர் உண்மையைக் கண்டுபிடித்தார். சோபா வாங்க மனுஷன் ஆறு மாசம் யோசிக்கிறான். பயத்தை வாங்க ஆறு நிமிஷம்கூட யோசிப்பதில்லை.

வீட்டு பிளானைச் சுருட்டி அக்குளில் இடுக்கிக்கொண்டு நின்ற கூட்டத்தில் இளவரசுவும் ஒருவன். டோக்கன் நம்பர் அறுபத்து நாலு. கடலூர் மஞ்சக்குப்பத்தில் டைல்ஸ் கடை வைத்திருப்பவன். தேவனாம்பட்டினம் போகிற சாலையில் போன வருஷம்தான் சொந்த வீடு கட்டிக் குடிபோனான். போனதிலிருந்து மூன்று கெடுதல். பாத்ரூமில் வழுக்கி விழுந்து இடுப்பில் அடி. தண்ணீர் மோட்டார் எரிந்துபோனது. கடையில் வியாபாரம் மந்தம்.

பாத்ரூம் தரைக்கு, ஹாலில் மிஞ்சிய பளபளா டைல்ஸை ஒட்டியது அவனேதான். அடுத்தவருக்கெல்லாம் "பாத்ரூமுக்கு சொரசொரப்பா போடுங்க சார்" என்று சொல்லி விற்கிறவன், தன் வீட்டுக்கு மிச்சத்தை ஒட்டினான். தொட்டியில் தண்ணீர் இருக்கிறதா என்று பார்க்காமல் மோட்டாரைப் போட்டதும் அவனேதான். கடைக்கு எதிரிலேயே மூன்று மாடியில் புது டைல்ஸ் ஷோரூம் ஒன்று வந்துவிட்டது. ஆனால் இதையெல்லாம் யோசித்தால் பழி தன் தலையில் விழும். வாஸ்து என்றால் பழி வீட்டின் தலையில் விழும். வீடு பதில் பேசாது.

உள்ளே ஏசி ஜிலுஜிலுவென்று ஓடியது. மேஜை மேல் வெள்ளிக் கிண்ணத்தில் உப்பு, பொலபொலவென்று காய்ந்து கிடந்தது.

"மூன்று வருஷமாக இந்த உப்பு ஒரு சொட்டு நீர் விட்டதில்லை. ஏன் தெரியுமா? இந்த அறையில் தோஷம் இல்லை" என்றார் சடையப்பன். மேடைத் தமிழில்தான் எப்போதும் பேசுவார். சிவப்பு நூல் கட்டிய ஒரு பொட்டலத்தை நீட்டினார். "இது சோதனை உப்பு. வீட்டின் கிழக்கு மூலையில் வையுங்கள். விடிந்ததும் பாருங்கள். உப்பு அழுதிருந்தால், வீடு அழுகிறது என்று அர்த்தம். நீங்கள் எந்த ஊர்?"

"கடலூருங்க. கடலாண்ட வீடு."

"ஐயோ! கடலோரத்தில்தானே தோஷம் ஜாஸ்தி!"

இளவரசுவுக்கு அங்கேயே வியர்த்துவிட்டது, அத்தனை ஏசியிலும்.

மறுநாள் காலையில் கிழக்கு மூலையில் உப்பு அழுதிருந்தது. சாதாரண அழுகை இல்லை. கிண்ணத்தின் அடியில் தண்ணீர் தேங்கி நின்றது. அன்றே சிதம்பரத்துக்கு ஓடினான். சடையப்பன் பிளானை விரித்து, கண்ணை மூடி, கிழக்கு ஜன்னலின் மேல் விரலை வைத்தார்.

"இதை அடைத்துவிடுங்கள். கல் வைத்துப் பூசிவிடுங்கள். பிறகு என்னிடம் வந்து சாந்தி உப்பு வாங்கிப்போய் அதே மூலையில் வையுங்கள். அது அழாது."

கூடவே, எந்தச் சாமான் எந்தத் திசையில் இருக்க வேண்டும் என்று ஒரு பட்டியலும் கொடுத்தார். சோபா விற்றவரல்லவா, பட்டியல் நீளமாகவே இருந்தது.

அன்று சாயந்திரமே இளவரசு வீட்டைத் தலைகீழாக்கினான். ஃப்ரிட்ஜ் படுக்கையறைக்குப் போனது. கட்டில் கதவுக்குக் குறுக்கே வந்ததில், உள்ளே போகிறவர்கள் கட்டில் மேல் ஏறி இறங்க வேண்டியிருந்தது. சோபா தெற்குச் சுவரில், டிவி அதற்கு நேர் மேலே. டிவி பார்க்க விரும்புகிறவர்கள் எதிர்ச்சுவர் ஓரமாக நின்றுதான் பார்க்க வேண்டும். இத்தனை நாள் நிம்மதியாக இருந்த வீட்டில் இப்போது ஆளுக்கொரு கால்விரலில் கட்டு.

இளவரசுவின் மனைவி கயல்விழி இதையெல்லாம் பொறுத்துக்கொண்டாள். ஜன்னல் என்றதும் எழுந்துவிட்டாள்.

"என்னாங்க, வெளையாடுறீங்களா? அந்த ஜன்னலாண்டதான என் மிஷினே கெடக்குது!"

அவள் வீட்டிலிருந்தே ஜன்னல் ஸ்கிரீன், சோபா கவர், மெத்தை உறை எல்லாம் தைத்துக் கொடுக்கிறவள். வீடு கட்டும்போது அவள் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்: கிழக்கே பெரிய ஜன்னல். காலையில் நல்ல வெளிச்சம். மத்தியானம் கடல்காற்று திரும்பினால் ஃபேனே தேவையில்லை. அவள் பிழைப்பே அந்த ஜன்னலோரத்தில்தான்.

"லைட்டு போட்டுக்க. இன்னொரு ஃபேன் மாட்டித் தர்றேன்" என்றான் இளவரசு.

"சாமி குடுத்த காத்த அடைச்சிட்டு, கரண்டு பில்லு கட்டி காத்து வாங்கணுமா?"

"உப்பு அழுவுது கயலு! நானே என் கண்ணால பாத்தேன்."

வாசலில் செங்கல் வந்து இறங்கிவிட்டது. கொத்தனார் அடுத்த திங்கட்கிழமை வருவதாகச் சொல்லியிருந்தார்.

அந்த வாரம் புதுப்பாளையத்திலிருந்து சத்யப்பிரியா என்கிற பெண் அளவு எடுத்த சீட்டோடு வந்தாள்.

"அக்கா, ஹால்ல ஜன்னல் இருந்த எடத்துக்கு ஒரு ஸ்கிரீன் தைக்கணும்."

"ஜன்னல் இருந்த எடமா?"

"அடைச்சிட்டோம்க்கா, சடையப்பன் சாரு சொல்லி. செவுரு மொட்டையா கெடக்குது. ஸ்கிரீன் போட்டா பின்னால ஜன்னல் இருக்குற மாரி தெரியும்ல?"

கயல்விழிக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. "அடைச்சப்பறம் உப்பு எப்பிடி இருக்கு?" என்று கேட்டாள்.

"சாந்தி உப்பு குடுத்தாருக்கா. சும்மா மணல் மாரி கெடக்குது. மீதி பையில இருக்கு, வேணுமா?" என்று மஞ்சள் நூல் கட்டிய பொட்டலத்தை எடுத்துக் கொடுத்தாள். வீட்டில் புழுக்கம் தாங்கவில்லை என்றும், ராத்திரியெல்லாம் மொட்டைமாடியில்தான் படுக்கிறோம் என்றும் போகிற போக்கில் சொல்லிவிட்டுப் போனாள்.

மறுநாள் கருவாட்டுக் கூடையோடு பூவம்மாள் வந்தாள். தேவனாம்பட்டினத்துக்காரி, வாரம் தவறாமல் வருகிறவள். கயல்விழி அந்த மஞ்சள் நூல் பொட்டலத்தையும், இளவரசு வைத்தது போக மீதியிருந்த சிவப்பு நூல் பொட்டலத்தையும் அவள் முன்னால் பிரித்து வைத்தாள். பூவம்மாள் இரண்டிலும் ஒரு சிட்டிகை எடுத்து விரலால் தேய்த்துப் பார்த்தாள்.

"செவப்பு நூலு, பொடிச்ச கல்லுப்பு. நாங்க மீனுக்குப் போடுறது. மஞ்ச நூலு, கடையில விக்கிற பாக்கெட்டு உப்பு. என்னாத்துக்கு ரெண்டையும் மூட்ட கட்டி வெச்சிருக்க?"

கயல்விழி கதையைச் சொன்னாள். பூவம்மாள் கூடையை இறக்கி வைத்துவிட்டுச் சிரித்தாள். சிரித்து முடிக்க நேரமாயிற்று.

"கடலோரத்துல கல்லுப்பு தண்ணி வுடாம வேற என்னாடி பண்ணும்? காத்துல இருக்குற ஈரத்த இழுக்கும். பாக்கெட்டு உப்புல ஈரம் புடிக்காம இருக்க என்னமோ கலந்து விக்கிறாங்க. அதுக்குத்தான் உப்பு ஜாடிய அடுப்பாண்ட வெக்கிறது. எங்க தெருவுல அம்பது வீடு, அம்பதுலயும் உப்பு ஈரம்தான். அம்பது வீட்லயும் தோஷமா?"

உள்ளேயிருந்து கேட்டுக்கொண்டிருந்த இளவரசுவுக்கு ரோஷம் வந்துவிட்டது. சடையப்பனுக்கு வக்காலத்து வாங்கிக்கொண்டு வெளியே வந்தான். "நீங்க பேசுறது சமையக்கட்டு உப்பு. அது மந்திரிச்ச உப்பு. செவப்பு தோஷத்துக்கு அழும். மஞ்சள் சாந்திக்குச் சிரிக்கும்."

"சரி, வெச்சித்தான் பாப்போமே" என்றாள் கயல்விழி. "இன்னும் ஜன்னல அடைக்கல. தோஷம் அப்பிடியேதான கெடக்குது? ரெண்டையும் ஒரே ஜன்னல்ல வெக்கிறேன். ரெண்டும் அழுதுச்சின்னா நானே கொத்தனாருக்குக் கல்லு எடுத்துக் குடுக்கிறேன்."

இதைவிட நல்ல பேரம் கிடைக்குமா? இளவரசு தானே உட்கார்ந்து நாலு டப்பாவில் உப்பைப் போட்டான். ஒன்றிலும் மூன்றிலும் சிவப்பு, இரண்டிலும் நாலிலும் மஞ்சள். கிழக்கு ஜன்னல் திட்டில் வரிசையாக வைத்தான்.

காலையில் ஒன்றும் மூன்றும் சொதசொதவென்று கிடந்தன. இரண்டும் நாலும் காய்ந்திருந்தன. சடையப்பனைக் காப்பாற்ற இளவரசுவுக்கு ஒரு யோசனை தோன்றியது. தோஷம் ஜன்னல் திட்டின் சில இடங்களில் மட்டும் இருக்கலாமே? மறுபடி புது உப்பைப் போட்டு, ஒன்றாம் டப்பா இருந்த இடத்தில் இரண்டாவதையும், மூன்றாவது இருந்த இடத்தில் நாலாவதையும் மாற்றி வைத்தான். அடுத்த நாள் காலையிலும் சிவப்பு அழுதது, மஞ்சள் சிரித்தது. இடம் மாறியதை உப்பு கவனித்ததாகவே தெரியவில்லை.

இளவரசு டப்பாக்களை ஒவ்வொன்றாக மூடினான். வெட்கமாக இருந்தது. இப்படி ஏமாந்தோமே என்கிற வெட்கத்தைவிட, ஜன்னலுக்காக அவள் மன்றாடியபோது 'லைட்டு போட்டுக்க' என்று சொன்னோமே என்கிற வெட்கம் பெரிதாக இருந்தது.

"ஞாயித்துக்கெழம சிதம்பரம் போலாம். யக்கா, நீங்களும் வாங்க" என்றான், உப்பு என்ன ஆயிற்று என்று எட்டிப்பார்க்க வந்த பூவம்மாளையும் சேர்த்துக்கொண்டு.

ஞாயிற்றுக்கிழமை மண்டபத்தில் பிதுங்கி வழிந்தது கூட்டம். சடையப்பன் அன்று பெரிய ஹாலிலேயே மைக் வைத்துப் பேசினார். பக்கத்தில் மேஜை, மேஜை மேல் வெள்ளிக் கிண்ணம். இளவரசு நாலு டப்பாவையும் மேஜையில் அடுக்கினான்.

"ஐயா, நாலு டப்பா உப்பு கொண்டாந்திருக்கேன். பாத்து பலன் சொல்லணும்."

வாரம் நூறு முகம் பார்க்கிற சடையப்பனுக்கு இவனை அடையாளம் தெரியவில்லை. கூட்டத்தைப் பார்த்ததும் உற்சாகம் பொங்கியது. ஒன்றாம் டப்பாவைத் திறந்தார். நெஞ்சில் கை வைத்தார்.

"அடடா! இந்த வீட்டில் புருஷன் பேச்சு எடுபடாது. பெண்கள் கண்ணீர் விடுவார்கள். கிழக்கை உடனே அடைக்க வேண்டும்."

இரண்டாம் டப்பா. "ஆஹா! லட்சுமி சம்மணம் போட்டு உட்கார்ந்திருக்கிறாள்."

மூன்றாம் டப்பா. "இந்த வீட்டில் ஒருவர் வழுக்கி விழுந்திருப்பாரே?" கூட்டம் 'உச்' கொட்டியது.

நாலாம் டப்பா. "இது வீடல்ல, கோயில். கட்டியவன் புண்ணியவான்."

"கட்டுனவன் நான்தாங்க" என்றான் இளவரசு. "வழுக்கி வுழுந்தவனும் நான்தான். நாலும் ஒரே வீடு. ஒரே ஜன்னல்ல, பக்கத்துப் பக்கத்துல வெச்சது. லட்சுமி ஒரு சாண்ல உக்காந்திருக்கா, அடுத்த சாண்ல கண்ணீரு. இதுல எத நான் அடைக்கிறது?"

சடையப்பன் லேசுப்பட்டவரா? தொண்டையைக் கனைத்தார். "சூட்சும சக்தி சாணுக்குச் சாண் மாறும், தம்பி."

"நானும் அப்பிடித்தாங்க நெனச்சேன். எடம் மாத்தி மாத்தி வெச்சேன். செவப்பு நூலு உப்பு எங்க வெச்சாலும் அழுவுது. மஞ்ச நூலு எங்க வெச்சாலும் காஞ்சி கெடக்குது. அழுவுறது வீடு இல்லிங்க, நீங்க குடுத்த பொட்டலம்."

இதற்குள் பூவம்மாள் மேஜையருகே வந்து, மூன்று வருஷமாக அழாத அந்த வெள்ளிக் கிண்ணத்தில் கையை விட்டாள். "தொடாதே!" என்று சடையப்பன் கத்துவதற்குள் விரலால் தேய்த்துப் பார்த்தாகிவிட்டது.

"இதுவும் பாக்கெட்டு உப்புதான். அடுத்தவங்க வீட்டுக்கு அழுவுற உப்பு, உன் ரூமுக்கு அழாத உப்பா? அதுக்கு மேல ஈரத்த உறிஞ்ச ஏசி வேற."

முன்வரிசையிலிருந்த யாரோ பக்கத்து அறைக் கதவைத் தள்ளினார்கள். உள்ளே ஒரு பக்கம் கல்லுப்பு மூட்டைகள், ஒரு மிக்ஸி. இன்னொரு பக்கம் அட்டைப்பெட்டி அட்டைப்பெட்டியாய்ப் பாக்கெட் உப்பு. நடுவில் இரண்டு நூல்கண்டு, ஒன்று சிவப்பு, ஒன்று மஞ்சள்.

கூட்டம் திரும்பிப் பார்த்தபோது சடையப்பன் மேடையில் இல்லை. பின்வாசல் கதவு ஆடிக்கொண்டிருந்தது. அது தென்மேற்கு வாசல். அந்த வழியாகப் போனால் குடும்பம் விளங்காது என்று அவரேதான் வாராவாரம் சொல்லிக்கொண்டிருந்தார். தனக்கு அவசரம் என்றால் சாஸ்திரம் வழிவிட்டுவிடுகிறது.

பொட்டலம் வாங்கியவர்கள் மண்டப வாசலில் நின்று ஆளாளுக்குத் திட்டித் தீர்த்தார்கள். சிலர் தங்களுக்கு முதல் நாளிலிருந்தே சந்தேகம் இருந்ததாகச் சொன்னார்கள். கயல்விழி கொத்தனாருக்குப் போன் போட்டு, திங்கட்கிழமை ஜன்னலுக்கு வர வேண்டாம், பாத்ரூமுக்குச் சொரசொரப்பான டைல்ஸ் ஒட்ட வந்தால் போதும் என்றாள். இளவரசு பக்கத்தில் நின்று தலையாட்டினான்.

அப்போது சேத்தியாத்தோப்பிலிருந்து வந்த உத்திராபதி என்கிற பெரியவர் அவனிடம் தயங்கித் தயங்கி வந்தார்.

"தம்பி, அந்தப் படுபாவி பேச்சக் கேட்டு மூணு ஜன்னல அடைச்சிட்டேன். நாளைக்கே இடிச்சிடலாம்னு இருக்கேன். எந்தப் பக்கத்துலேர்ந்து இடிக்க ஆரம்பிச்சா நல்லது?"

"உள்ளேர்ந்து வெளிப்பக்கமா இடிங்கய்யா. வெளிய ஆளு யாரும் நிக்கலியேன்னு பாத்துக்குங்க."

பெரியவர் சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்தார். உள்ளங்கையில் பக்தியோடு எழுதிக்கொண்டார். பிறகு குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

"அதுக்கு என்னா தம்பி சாஸ்திரம்?"

"ஒரு சாஸ்திரமும் இல்லய்யா. வெளியேர்ந்து இடிச்சா கல்லு உங்க சோபா மேல வுழும். அதையும் இன்னொருத்தன் சொல்லித்தான் தெரிஞ்சிக்கணுமா?"