கார்புரேட்டரைத் தொடாதே!

என் கல்யாண வாழ்க்கையில் நான் ஜெயித்த வாக்குவாதங்களை எண்ண ஒரு கை போதும். அந்தக் கையிலும் நாலு விரல் சும்மா இருக்கும். மிச்சமிருந்த ஒரு விரல் கார் சாவியைப் பிடித்துக்கொண்டிருந்தது.

கார் மாமனாருடையது. என்னைவிட இரண்டு வயது மூத்தது. அவர் காலமான பிறகு எங்கள் வீட்டுக்கு வந்தது. லைசென்ஸ் எனக்கும் உண்டு, மனைவிக்கும் உண்டு. ஆனால் பன்னிரண்டு வருஷமாக ஓட்டுவது நான்தான். "இந்த வண்டிக்குன்னு ஒரு குணம் இருக்கு. உனக்குப் பிடிபடாது" என்று சொல்லி வைத்திருந்தேன். பக்கத்து சீட்டில் உட்கார்ந்து, வளைவு வரும்போதெல்லாம் அவள் காலைத் தரையில் அழுத்துவாள். "அங்க பிரேக் இல்லம்மா" என்று சிரிப்பேன். அந்தச் சிரிப்புக்கு இப்போது வட்டியும் முதலுமாகக் கட்டிக்கொண்டிருக்கிறேன்.

சில மாதமாக ஒரு தொல்லை. சிக்னலில் நிறுத்தினால் என்ஜினும் நின்றுவிடும். போன தடவை மச்சினனை ஸ்டேஷனிலிருந்து கூட்டி வரும்போது ரயில்வே கேட்டுக்குப் பக்கத்தில் படுத்துவிட்டது. அவன் இறங்கித் தள்ளினான். அதுமுதல் போன் செய்தால் நலம் விசாரிப்பதற்கு முன்பே, "அத்தான், தள்ள ஆள் வேணுமா?" என்பான். அவன் அடுத்த ஞாயிற்றுக்கிழமை குடும்பத்தோடு வருகிறான் என்று தகவல் வந்தது. என் மானம் ஊசலாடியது.

"கார்புரேட்டரைக் கழட்டிப் பூட்டணும்ங்க" என்றாள் மனைவி, ஒரு சட்டைக்குக் காஜா எடுத்துக்கொண்டே. அவள் வீட்டிலேயே தையல் வேலை செய்கிறாள். "மெக்கானிக் பெரியவர்கிட்ட விட்டுடுங்களேன்."

"எதுக்கு? நானே பூட்டறேன்."

"நீங்களா?"

அந்த 'நீங்களா'வில் என் பரம்பரையே அடிவாங்கியது. எழுந்து நின்றேன்.

"கேட்டுக்கோ! ஒரு காரோட உயிரே கார்புரேட்டர்லதான் இருக்கு. அதைப் பூட்டத் தெரிஞ்சவங்க கையிலதான் சாவி இருக்கணும்!"

அவள் ஊசியைக் குத்தி வைத்தாள். "இன்னொரு தடவை சொல்லுங்க."

சொன்னேன். சத்தமாகவே சொன்னேன். அவள் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்து, மதிலுக்கு அந்தப் பக்கம் செடிக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்த வக்கீலைக் கூப்பிட்டாள்.

"சார், இவர் சொன்னது காதுல விழுந்துச்சா?"

"நல்லா விழுந்துச்சும்மா."

அப்போதாவது எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

அவள் துணி வெட்டுகிற மேஜையைக் கைப்பற்றினேன். கார்புரேட்டரைக் கழற்றி, திருகு திருகாகப் பிரித்துப் பரப்பினேன். பார்க்கப் பெருமையாக இருந்தது. அவள் டீயோடு வந்து குனிந்து பார்த்தாள்.

"இந்தக் குறுக்குக் கம்பி ஆடுதே. அது தேய்ஞ்சு போயிருக்கு. அந்தச் சந்துல காத்து உள்ள பூந்துதான் வண்டி நிக்குது."

"அது ஆடத்தான் செய்யும். நீ டீயை வெச்சுட்டுப் போ."

மேல் மூடிக்கும் உடம்புக்கும் நடுவே வைக்கிற பேக்கிங் கிழிந்திருந்தது. கடையில் பேக்கிங் அட்டை ஒரு தாள் வாங்கி வந்து, சவர பிளேடால் வெட்டினேன். நான் வெட்டியது பேக்கிங் மாதிரி இல்லை, எலி கடித்த அப்பளம் மாதிரி இருந்தது. பழையதையே ஒட்டிப் போட்டுவிட்டு, மிச்சத் தாளில் சிவப்பு மையால் கொட்டை எழுத்தில் 'யாரும் எதையும் தொடாதே' என்று எழுதி மேஜைமேல் வைத்தேன். வீட்டில் இருப்பது நாங்கள் இரண்டே பேர்.

திங்கட்கிழமை பூட்டி முடித்தேன். ஒரே ஒரு சாமான் மிஞ்சியது. மிளகளவு இரும்புக் குண்டு. எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லை. எதற்கும் இருக்கட்டும் என்று சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். காரைக் கிளப்பினேன். இருமியது, தும்மியது, கரும்புகை கக்கியது, அடங்கிவிட்டது.

"என்னங்க சத்தம்?"

"டெஸ்ட்!"

ராத்திரியே அதை மறுபடி கழற்றி மேஜைமேல் வைத்திருந்தேன்; செவ்வாய்க்கிழமை காலை துணியில் சுற்றி ஆபீஸ் பையில் வைத்தேன்.

"பை ரொம்பக் கனமா இருக்கே?"

"ஃபைலு."

"ஃபைல்ல பெட்ரோல் வாடை அடிக்குது?"

"அது... பெட்ரோல் பில் ஃபைலு."

"கார்புரேட்டர் எங்க? மேஜையில காணோம்."

"ஊற வெச்சிருக்கேன்."

"எங்க?"

"ஒரு இடத்துல. நாலஞ்சு நாள் ஊறணும்."

அவள் என் முந்தின நாள் சட்டையைத் துவைக்க எடுத்துப் போனாள்.

மெக்கானிக் பெரியவர் துணியைப் பிரித்ததும், பழைய சிநேகிதனைப் பார்த்ததுபோலச் சிரித்தார்.

"அட, இந்தக் கார்புரேட்டரா! வீட்ல அம்மா சௌக்கியமா?"

"சௌக்கியம். அவளுக்கு இது தெரியக்கூடாது."

"நானா? நான் ஏன் சொல்றேன்? வெள்ளிக்கிழமை வாங்க சார்."

ஆபீசுக்கு வந்தபிறகுதான் குண்டின் ஞாபகம் வந்தது. அது நேற்றைய சட்டையில்! சாயங்காலம் பார்த்தால் சட்டை கொடியில் காய்ந்துகொண்டிருந்தது. பை காலி. அவளிடம் கேட்கவா முடியும்? வியாழக்கிழமை அவள் கையில் லேசாகப் பெட்ரோல் வாடை அடித்தது. "ஒரு கோட்டுல கறை எடுத்தேன்" என்றாள். நம்பினேன். நான் எதைத்தான் நம்பவில்லை?

வெள்ளிக்கிழமை பெரியவர் கார்புரேட்டரைக் கையில் கொடுத்தார். புதுசுபோலப் பளபளவென்று இருந்தது.

"ஒரு குண்டு விட்டுப்போச்சே..."

"எல்லாம் உள்ள இருக்கு சார். தைரியமாப் போங்க."

சனிக்கிழமை காலை பொருத்தினேன். சாவியைத் திருகியதும் என்ஜின் பிடித்துக்கொண்டது. முனகல் இல்லை, இருமல் இல்லை. பானெட்மேல் தண்ணீர்த் தம்ளரை வைத்தேன், ஒரு சொட்டு சிந்தவில்லை. ஓடிப்போய் மனைவியைக் கூப்பிட்டேன். வக்கீலையும் கூப்பிட்டேன்.

"பார்த்துக்கங்க சார்! முழுக்க முழுக்க என் கைவேலை!"

"அப்படியா?" என்றாள் மனைவி. "பேக்கிங்கும் நீங்க வெட்டினதா?"

"பின்னே? நானேதான்."

"என்ஜினை நிறுத்திட்டு அந்த மேல் மூடியைக் கொஞ்சம் கழட்டுங்களேன். சார் பார்க்கட்டும்."

நிறுத்தினேன். நாலு திருகைக் கழற்றி மூடியைத் தூக்கினேன். பேக்கிங் கச்சிதமாக உட்கார்ந்திருந்தது. காஜா எடுத்ததுபோல ஒவ்வொரு துளையும் அவ்வளவு சுத்தம். அதன் விளிம்பில் சிவப்பு மையில், என் கையெழுத்தில் 'தொடாதே' என்று இருந்தது.

வக்கீல் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு இன்னொரு தடவை படித்தார். நான் திருதிருவென்று விழித்தேன்.

"பெரியவர் செவ்வாய்க்கிழமை மத்தியானமே கொண்டுவந்து குடுத்துட்டார்" என்றாள் மனைவி. "தேய்ஞ்ச கம்பி ஆடாம இருக்க புஷ் வளையம் போட்டது மட்டும் அவர். மத்ததெல்லாம் நான் பூட்டி, வியாழக்கிழமை அவர்கிட்டயே திருப்பிக் குடுத்தேன். குண்டு உங்க சட்டைப் பையில இருந்துச்சு. அதில்லன்னா ஆக்ஸிலேட்டரை மிதிச்சதும் மூச்சு முட்டி நின்னுடும்."

"உனக்கு... இதெல்லாம்..."

"அப்பாவுக்குக் கிட்டத்துல கண்ணு சரியாத் தெரியாது. நான் பள்ளிக்கூடம் படிக்கறப்பலேருந்து வருஷா வருஷம் இதைப் பூட்டினது யாருன்னு நினைச்சீங்க?"

"பன்னிரண்டு வருஷமா ஏன் சொல்லலை?"

"இந்த வண்டியோட குணம் எனக்குப் பிடிபடாதுன்னீங்க. சரி, உங்களுக்காவது பிடிபடட்டும்னு காத்துட்டிருந்தேன்."

சும்மா சொல்லக்கூடாது. கோபம் வரவேண்டிய இடத்தில் எனக்குப் பெருமையாக இருந்தது. அந்தப் பேக்கிங்கை மறுபடி பார்த்தேன். என்ன ஒரு கை! என்ன ஒரு பொறுமை! நான் ஓட்டிய பன்னிரண்டு வருஷமும் இவள் பக்கத்தில் உட்கார்ந்து, என்ஜின் போடுகிற ஒவ்வொரு சத்தத்துக்கும் அர்த்தம் தெரிந்தே வாய் திறக்காமல் வந்திருக்கிறாள். வக்கீல் தீர்ப்புச் சொல்ல வாயெடுப்பதற்குள் சாவியை நானே நீட்டிவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை ஸ்டேஷனிலிருந்து அவள் ஓட்டினாள். மச்சினன் முன்னால். அவன் மனைவி, இரண்டு குழந்தைகள், ஒரு பெட்டி, நான் எல்லாரும் பின்னால். ரயில்வே கேட் மூடியிருந்தது. கார் நின்றது. என்ஜின் நிற்கவில்லை. பூனை தூங்குவதுபோல ஓடிக்கொண்டே இருந்தது.

"அடேங்கப்பா! யாருக்கா சரி பண்ணது?" என்றான் மச்சினன்.

நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். கண்ணாடி வழியாக அவள் என்னை ஒரு பார்வை பார்த்தாள்.

"வேற யாரு? உன் அத்தான்தான்."

என் மானத்தைக் காப்பாற்றிவிட்டாள் மகராசி! நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு உட்கார்ந்தேன். கேட் திறந்தது. அவள் அழகாக கியர் மாற்றி வேகமெடுத்து, வளைவில் லாகவமாகத் திரும்பினாள். மச்சினன் கழுத்தைத் திருப்பி என் காலைப் பார்த்தான்.

"அப்புறம் ஏன்க்கா அத்தான் பின் சீட்டுல உக்காந்து இல்லாத பிரேக்கை மிதிக்கிறாரு?"